தாய்ப்பாலும் எமது கடமையும்

(எமது சங்கத்தின் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)





சமயம், மொழி, கல்வி ஆகிய பொருள்களைப் பற்றிப் பல பேச்சுக்கள் நிகழ்ந்த இந்த மேடையிலே, தாய்ப்பாலைப் பற்றிப் பேச முன்வந்திருக்கின்றோம். "படிப்பே முடியாத பிள்ளைகள், பிள்ளை பெற்று வளர்த்தவர்களுக்கே பால் கொடுப்பதைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டார்களோ?" என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். இளைஞர் சிலருக்கோ, இது பெண்கள் பக்கத்துக் காரியம், எங்களுக்கு இதில் என்ன வேலை என்று தோன்றக்கூடும். இவ்விரு எண்ணங்களுக்கும் விடை கூறிவிட்டுப் பொருளுக்குள் புகுகின்றோம்.

பெரியோர்களே, அனுபவம் உங்களுடையது. அதை மறுக்க நாம் வரவில்லை. உயிரியல் விரிவுரைகளிலும் சுகாதார நூல்களிலும் நாம் கற்றவற்றை உங்கள் அனுபவத்தோடு ஒத்துப் பார்க்கவே வந்தோம். இளைஞர்களே, இன்னும் சில ஆண்டுகளில் நீங்கள் தந்தையர் ஆவீர்கள். பிள்ளை நள்ளிரவில் வீரிட்டு அழும்போது, விடிந்ததும் கடைக்கு ஓடிப் பால்மாப் பேணி வாங்கி வருபவர் பெரும்பாலும் தகப்பனாரே. ஆகவே பிள்ளை எதைக் குடிக்கும் என்பதை முடிவு செய்வதில் ஆண்களுக்கும் பங்குண்டு. அந்த இரவிலே கற்க முடியாததை இன்று கற்றுக்கொள்வோம்.

இப்பொருளைத் தமிழிலே, சபையிலே பேசுவதில் கூச்சம் வேண்டியதில்லை. மிஷன் பாடசாலையில் கற்ற எமக்கு வைத்தியர் கிறீன் அவர்களின் பெயர் சிறு பராயத்திலிருந்தே பழக்கமானது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த அவர் 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழ் இளைஞருக்குக் கற்பித்தார். காலப்போக்கில் தமிழிலேயே கற்பிக்கவும் தொடங்கினார். வைத்திய நூல்கள் பலவற்றைத் தமிழாக்கினார். மகப்பேற்று வைத்தியமும் அவற்றுள் ஒன்று. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே தமிழில் எழுதத் தகுந்ததாயிருந்த ஒரு பொருள், இன்று தமிழில் பேசத் தகாத பொருள் ஆகிவிடுமா?

எமது நாட்டின் நிலையை முதலில் நோக்குவோம். இலங்கையில் 2016ஆம் ஆண்டு நடைபெற்ற குடித்தொகை சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பாலை மட்டுமே அருந்தினர். உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், 2023ஆம் ஆண்டுக் கணக்கில் இத்தொகை நூற்றுக்கு 48 மாத்திரமே. இது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. 1926ஆம் ஆண்டில் களுத்துறையிலே தொடங்கிய சுகாதாரப் பகுதி முறையும், வீடு வீடாகச் சென்று தாயையும் சேயையும் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தர்களின் உழைப்பும் இப்பெருமைக்குக் காரணமானவை.

ஆயின், மிகுதிப் பதினெட்டுப் பேரும் எமது அயலிலேதான் இருக்கின்றார்கள். மாதம் ஏற ஏறத் தாய்ப்பாலை மட்டும் அருந்தும் பிள்ளைகளின் தொகை குறைந்துகொண்டே போகின்றது. அந்தத் தாய்மாரிற் பெரும்பாலோர் பால் கொடுக்க விரும்பாதவர்கள் அல்லர். கொடுக்கத் தொடங்கி இடையிலே நம்பிக்கை இழந்தவர்கள். "பால் காணாது" என்ற இரண்டு சொற்களே அந்த நம்பிக்கையைக் குலைத்தவை. தாய் தானே சொல்லிக்கொள்வாள், மாமியார் சொல்வார், பார்க்க வந்த அயலவர் சொல்வார். இந்த இரண்டு சொற்களை எமது வீடுகளிலிருந்து அகற்றவேண்டும் என்பதே இன்றைய எமது பேச்சின் நோக்கம்.

பால் எவ்வாறு சுரக்கின்றது என்பதை அறிந்தால் இச்சொற்கள் தாமாகவே வலுவிழக்கும்.

யாழ்ப்பாணத்து மக்களுக்குக் கிணற்றைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பது எமது முன்னோர் வாக்கு. தாய்ப்பாலும் அவ்வாறே. பிள்ளை மார்பை உறிஞ்சும்போது அந்த உணர்வு நரம்புகள் வழியே தாயின் மூளைக்குச் செல்கின்றது. அங்குள்ள கபச் சுரப்பியிலிருந்து புரோலக்ரின் என்னும் ஓமோன் இரத்தத்தில் கலந்து, பாலை உண்டாக்குகின்றது. ஒக்சிரோசின் என்னும் மற்றோர் ஓமோன், உண்டான பாலை வெளியே தள்ளுகின்றது. பிள்ளை எவ்வளவு அடிக்கடி குடித்து மார்பை வெறுமையாக்குகின்றதோ, அவ்வளவுக்குப் புதிய பால் ஊறும். பால் மார்பிலே தேங்கி நின்றால், இனிப் போதும் என்று உடல் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும்.

இனி, பால் காணாது என்று அஞ்சிய வீட்டிலே நிகழ்வதைப் பாருங்கள். பிள்ளைக்கு ஒரு புட்டி பால்மா கரைத்துக் கொடுக்கின்றார்கள். அது எளிதிற் சமிக்காதாகையால் பிள்ளை நெடுநேரம் உறங்குகின்றது. "பார்த்தீர்களா, வயிறு நிறைந்ததும் பிள்ளை நித்திரை கொள்ளுது" என்று வீட்டார் மகிழ்கின்றார்கள். ஆனால் அந்த வேளையில் மார்பு உறிஞ்சப்படவில்லை. அடுத்த நாள் ஊற்று சிறிது குறைகின்றது. பிள்ளை மீண்டும் அழுகின்றது. இரண்டாவது புட்டி வருகின்றது. இரண்டு மூன்று வாரங்களில் உண்மையாகவே பால் காணாமற் போய்விடுகின்றது. இல்லாத குறைக்கு மருந்து செய்யப்போய், அந்தக் குறையை நாமே உண்டாக்கிவிடுகின்றோம்.

ஒக்சிரோசினைப் பற்றி இன்னுமொன்று சொல்லவேண்டும். தாய் பிள்ளையைக் காணும்போதும் அதன் குரலைக் கேட்கும்போதும் அது சுரக்கும். பயமும் கவலையும் நோவும் அதனைத் தற்காலிகமாகத் தடுக்கும். ஆகவே, தாயைப் பார்த்து "பிள்ளை காய்ஞ்சு போச்சு" என்று ஒருவர் சொல்லிச் சென்றால், அச்சொல் அவள் மனத்தோடு நின்றுவிடுவதில்லை. அன்று மாலைப் பால் இறங்குவதையும் தாமதப்படுத்தும். பிள்ளைக்கு நாவூறு படும் என்று அஞ்சும் நாம், தாயின் நம்பிக்கைக்குப் படும் நாவூற்றைக் கவனிப்பதில்லை.

இனிப் பாலூட்டலின் முறைகளை வரிசையாகக் கூறுவோம்.

பிள்ளை பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் அதனைத் தாயின் வெறும் மார்பிலே கிடத்திப் பாலூட்டத் தொடங்கவேண்டும். சத்திரசிகிச்சை மூலம் பிள்ளை பெற்ற தாயும், தாதியரின் உதவியோடு விரைவிலேயே பால் கொடுக்கலாம். முதலிரண்டு மூன்று நாட்களில் வருவது மஞ்சள் நிறமான, தடித்த சீம்பால். கடும்புப்பால் என்றும் சொல்வர். பசு கன்று ஈன்றால் கடும்பை வீணாக்காமற் காய்ச்சி உண்ணும் நாம், மனிதத் தாயின் கடும்பைப் பழுதான பாலென்று பீய்ச்சி ஊற்றிய காலமும் இருந்தது. நோயை எதிர்க்கும் பொருள்கள் அதிலே செறிந்திருக்கின்றன. அதுவே பிள்ளைக்கு முதலாவது தடுப்பு மருந்து. சிறிதளவே வருகின்றதென்று கவலைப்பட வேண்டாம். முதல்நாட் பிள்ளைக்குச் சில தேக்கரண்டி அளவே தேவை. நிறைந்த பால் பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் இறங்கும். அதுவரை பொறுத்திருக்க வேண்டியவர்கள் தாயிலும் பார்க்க வீட்டாரே.

பிள்ளையைப் பிடிக்கும் முறை அடுத்தது. தாய் முதுகுக்குத் தலையணை வைத்து வசதியாகச் சாய்ந்து இருக்கவேண்டும். பிள்ளையை நோக்கித் தாய் குனிவதன்றிப் பிள்ளையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும். பிள்ளையின் தலையும் உடலும் ஒரே நேராக, வயிறு தாயின் வயிற்றை நோக்கியபடி இருத்தல் வேண்டும். அது வாயை அகலத் திறக்கும்போது, முலைக்காம்பை மாத்திரமன்றிச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியையும் வாய்க்குள் கொடுக்க வேண்டும். நாடி மார்பிலே தொட்டிருக்க, கீழுதடு வெளிப்புறம் மடிந்திருந்தால் சரியாகப் பிடித்திருக்கிறது எனலாம். காம்பை மாத்திரம் சப்பினால் தாய்க்குப் புண்ணாகும். பிள்ளைக்கும் பால் வராது. தொடர்ந்து நோவு இருந்தால், சிறுவிரலை வாயோரத்தில் மெல்ல நுழைத்துப் பிடியை விடுவித்து, மீண்டும் முயலவேண்டும். பாலூட்டும்போது நோவது தாயின் தலைவிதி என்று எவரும் சொல்லவேண்டாம். பிடி திருந்தினால் பெரும்பாலும் நோவும் தீரும்.

எத்தனை முறை கொடுப்பது? மணிக்கூட்டைப் பார்க்க வேண்டாம், பிள்ளையைப் பாருங்கள். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது பழமொழி. ஆனால் அழுகை பசியின் கடைசி அடையாளமே. தலையைத் திருப்பித் தேடுதல், வாயைத் திறத்தல், கையைச் சூப்புதல் ஆகிய முதல் அடையாளங்களைக் கண்டதுமே கொடுத்தால், பிள்ளை அமைதியாகக் குடிக்கும். ஆரம்ப வாரங்களில் நாளொன்றுக்கு 8 முதல் 12 தடவை குடிப்பது இயல்பு. இரவிலும் கொடுக்கவேண்டும், புரோலக்ரின் இரவிலே அதிகம் சுரப்பதால், இரவுப் பாலூட்டலே பகலின் பாலையும் காக்கின்றது. ஒரு பக்கத்தை முழுமையாகக் குடித்து விட்ட பின்னரே மறுபக்கத்தைக் கொடுத்தல் நன்று. கடைசியில் வரும் பாலிலேதான் கொழுப்பு மிகுதி.

ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் வேண்டாம். வைத்தியர் தரும் மருந்தும் விற்றமின் துளிகளும் மாத்திரமே இதற்கு விலக்கு. எமது வெயிலிலே தண்ணீராவது கொடுக்கக்கூடாதா என்று கேட்பவர் உண்டு. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்குக் குறையாமல் நீரே இருக்கின்றது. பிள்ளைக்குத் தாகமெடுத்தால் அடிக்கடி குடிக்கும், அவ்வளவுதான். பெரியோர்களே, உங்கள் காலத்தில் நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் வேறு உணவு தொடங்கும்படி வைத்தியர்களே கூறியிருப்பார்கள். அக்கால அறிவு அது. பல நாடுகளின் ஆய்வுகளைச் சீர்தூக்கிப் பார்த்து, முழுமையாக ஆறு மாதம் என்று உலக சுகாதார நிறுவனம் 2001ஆம் ஆண்டில் வரையறுத்தது. ஆறு மாதத்தின் பின் மசித்த சோறு, பருப்பு, முட்டை, மீன், பழம் என்பவற்றைத் தொடங்கி, இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரலாம்.

பால் போதுமா என்பதை ஊகத்தால் அறியவேண்டியதில்லை. அதற்கு அடையாளங்கள் இருக்கின்றன. ஐந்தாம் நாளுக்குப் பின், பிள்ளை ஒரு நாளில் ஆறு தடவையேனும் நன்றாகச் சிறுநீர் கழித்தால் போதிய பால் குடிக்கின்றது என்க. பிறந்த முதற்சில நாட்களில் பிள்ளையின் நிறை சிறிது குறைவது இயல்பு. இரண்டு வாரமளவில் பிறந்த நிறையை மீண்டும் எட்டவேண்டும். அதன்பின் கிளினிக்கிலே நிறுத்து, வளர்ச்சிப் பதிவேட்டிலே குறிக்கும் கோடு ஏறிச் செல்கின்றதா என்று பாருங்கள். அயல்வீட்டுப் பிள்ளையின் பருமன் அளவுகோல் அன்று. பிள்ளை அழுவதெல்லாம் பசியினால் அன்று. வெக்கை, ஈரம், களைப்பு, அணைப்பை நாடுதல் ஆகியவற்றாலும் அழும். மாலை வேளைகளில் அடிக்கடி குடிக்கக் கேட்பதும் வழக்கம். சில வாரங்களின் பின் மார்பு முன்போல் இறுகாமல் மென்மையாவதும் பால் வற்றியதன் அடையாளம் அன்று. பிள்ளையின் தேவைக்கேற்ப ஊற்று ஒழுங்குபட்டதன் அடையாளமே.

மார்பு கட்டி நோவெடுத்தால் பாலூட்டலை நிறுத்தக்கூடாது. பிடியைத் திருத்தி, தொடர்ந்து கொடுத்து, குளிர்ந்த துணி ஒற்றவேண்டும். மார்பு சிவந்து காய்ச்சலும் வந்தால் தாமதியாது வைத்தியரிடம் செல்லவேண்டும். தாய்க்குத் தடிமன், இருமல், சாதாரண காய்ச்சல் வந்தாலும் பால் கொடுக்கலாம். பிள்ளை சோர்ந்து, குடிக்க மறுத்து, சிறுநீரும் குறைந்தால் அது காத்திருக்கும் வேளையன்று. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

எமது வழக்கங்களைப் பற்றியும் ஒளிக்காமற் பேசுவோம். பிள்ளை பிறந்த வீட்டிலே முப்பத்தொரு நாட்கள் துடக்குக் காக்கின்றோம். அந்நாட்களில் தாய் அடுப்படிக்குப் போகாமல், பிள்ளையோடு ஓரறையில் ஓய்ந்திருக்கின்றாள். பாலூட்டக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை. சரக்குக் கறியும், பால்சுறாவும், முருங்கையிலையும், உள்ளியும் சத்துள்ள உணவுகள், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் பத்தியம் என்று சொல்லித் தண்ணீரைக் குறைப்பதும், பழத்தையும் மரக்கறியையும் விலக்குவதும் வேண்டாம். பாலூட்டும் தாய்க்குச் சாதாரண காலத்திலும் பார்க்க ஏறக்குறைய 500 கலோரி மேலதிகமாகத் தேவை. தாகத்துக்கு வேண்டிய நீரும் தேவை. பிள்ளையின் நாவில் தேன் தடவும் வழக்கத்தை முற்றாக விட்டுவிட வேண்டும். தேனிலே இருக்கக்கூடிய ஒருவகை நுண்கிருமி, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் குடலிலே பெருகி நஞ்சை உண்டாக்கி, உடலைச் சோரச் செய்து, மூச்சையும் நிறுத்தவல்லது. சர்க்கரைத் தண்ணீரும் கொத்தமல்லித் தண்ணீரும் அவ்வாறே தேவையற்றவை. ஓய்வும் உணவும் தருகின்ற வழக்கம் நிலைக்கட்டும். பிள்ளையின் வாய்க்குள் பாலல்லாததை ஊற்றும் வழக்கம் ஒழியட்டும்.

பால்மாப் பேணிக்கு இவ்வளவு செல்வாக்கு வந்த வரலாற்றையும் சுருக்கமாகக் கூறவேண்டும். வைத்தியர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் அம்மையார் ஆபிரிக்காவின் பொற்கரையிலும் பின்னர் மலாயாவிலும் பணியாற்றியவர். இனிப்பூட்டிய தகரப்பாலைக் குழந்தைகளுக்கு ஏற்றதென்று விளம்பரம் செய்வதால் பிள்ளைகள் மடிவதைக் கண்டு, 1939ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ரோட்டரிச் சங்கத்திலே அவர் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அதன் தலைப்பு 'பாலும் கொலையும்' என்ற பொருளுடையது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், 1981ஆம் ஆண்டில், தாய்ப்பாலுக்குப் பதிலான பொருள்களை விற்பனை செய்யும் முறைக்கு உலக சுகாதாரப் பேரவை ஒரு விதிக்கோவையை நிறைவேற்றியது. 118 நாடுகள் ஆதரித்தன. அமெரிக்க ஐக்கிய நாடு மாத்திரம் எதிர்த்து வாக்களித்தது. இலங்கை 1983ஆம் ஆண்டிலேயே அதைத் தழுவிச் சட்டவிதி செய்த நாடுகளுள் ஒன்று. தாய்ப்பால் அருந்துதல் உலகெங்கும் ஏறக்குறைய முழுமையானால், ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 823,000 குழந்தைகளின் மரணத்தைத் தடுக்கலாம் என்று 'லான்செற்' என்னும் வைத்திய சஞ்சிகை 2016ஆம் ஆண்டில் கணக்கிட்டது. தாய்க்கும் நன்மையுண்டு: கருப்பை விரைவில் சுருங்குகின்றது; மார்புப் புற்றுநோயும் சூலகப் புற்றுநோயும் வரும் வாய்ப்புக் குறைகின்றது.

எமது மக்களுக்கு இதை உணர்த்தக் கணக்குகளும் வேண்டியதில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் மழையிலே தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். கைக்குழந்தையோடு நடந்த தாய்க்கு வெந்நீர் எங்கே, கழுவிய புட்டி எங்கே? பாலூட்டிக்கொண்டிருந்த தாயிடம் பிள்ளையின் உணவு கூடவே இருந்தது. 2021, 2022ஆம் ஆண்டுகளில் பால்மாவுக்காகக் கடைவாசலில் வரிசையாக நின்றதும் எமக்கு மறக்கவில்லை. கப்பல் வராவிட்டாலும் டொலர் ஏறினாலும் குறையாத உணவு ஒன்றை இயற்கை ஒவ்வொரு தாயிடமும் ஒப்படைத்திருக்கின்றது.

வேலைக்குச் செல்லும் தாய்மாரின் இடர் பெரிது. 84 நாள் பிரசவ விடுமுறை முடியும்போது பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகியிராது. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்கு, வேலை நேரத்தில் நாளொன்றுக்கு இரண்டு இடைவேளை கொடுக்கவேண்டும் என்று பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம் சொல்கின்றது. பிள்ளையை வைத்திருக்கும் இடம் வேலைத்தலத்தில் இருந்தால் அரைமணி, இல்லாவிட்டால் ஒருமணி என்பது விதி. மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தாய்மாருக்குப் பிள்ளைமடுவம் இருக்கின்றது. ஆயினும் மலைக்கும் மடுவத்துக்கும் இடையிலான தூரம் அந்த அரைமணியை விழுங்கிவிடுவதும் உண்டு. சட்டத்திலே இருப்பது தாய்மாருக்குத் தெரியவேண்டும். படித்த நாம் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வேலைக்குச் செல்லும் தாய் கைகளைக் கழுவிச் சுத்தமான பாத்திரத்திலே பாலைப் பீய்ச்சி மூடிவைக்கலாம். வெளியிலே நான்கு மணித்தியாலம்வரையும், குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாள்வரையும் அது பழுதாகாது. வீட்டிலுள்ளோர் அதனைப் புட்டியின்றிச் சிறு கோப்பையாலோ கரண்டியாலோ பருக்கலாம். இந்த வேலையைப் பாட்டன்மாரும் செய்யலாம்; தகப்பன்மாரும் செய்யலாம்.

இவ்வளவு கூறியபின், ஒன்றை மறவாது சொல்லவேண்டியிருக்கின்றது. மிகச் சில தாய்மாருக்கு உண்மையாகவே பால் போதாமல் இருக்கும். சில நோய்களினாலும் சில மருந்துகளினாலும் வைத்தியரே பாலூட்ட வேண்டாம் என்று கூறுவதும் உண்டு. தாயை இழந்த பிள்ளைகளும் இருக்கின்றார்கள். அவ்வாறான வேளையிலே வைத்தியர் சொல்லும் பால்மாவை, சொன்ன அளவிலே, கொதித்த நீரிலே கரைத்துக் கொடுப்பதில் குற்றம் ஒன்றும் இல்லை. அந்தத் தாயைக் குறைவாக எண்ணுவோமாயின், நாம் இங்கே பேசிய அன்புக்கு அர்த்தமில்லை. தாய்ப்பாலைப் புகழ்வது எந்தத் தாயையும் இகழ்வதற்காக அன்று.

ஈற்றில், சங்கத்தவர்களாகிய நாம் செய்யக்கூடியவை சிலவற்றைக் கூறி அமைகின்றோம்.

தந்தையாகும் இளைஞன் இரவிலே பிள்ளையை எடுத்துத் தாயிடம் கொடுக்கட்டும். குடித்தபின் துணி மாற்றி உறங்கவைக்கட்டும். பாலூட்டும் தாயின் பக்கத்திலே ஒரு செம்பு தண்ணீர் வைக்கட்டும். "உன்னால் முடியும்" என்று அவன் சொல்லும் ஒரு வார்த்தைக்குப் பத்துப் பேரின் குறைச்சொல்லை வெல்லும் வலிமையுண்டு.

பிள்ளை பார்க்கச் செல்லும்போது பால்மாப் பேணியும் சூப்பியும் கொண்டுசெல்லாமல், பழமும் முட்டையும் தாய்க்கு வேண்டிய உணவும் கொண்டுசெல்வோம். அதிக நேரம் இருந்து அவளைக் களைக்கச் செய்யாது திரும்புவோம்.

எமது பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரின் தொலைபேசி இலக்கம் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இருக்கட்டும். பாலூட்டுவதில் இடர்ப்படும் தாய்க்குக் கைகொடுக்கப் பெரிய வைத்தியசாலைகளில் தனியான நிலையங்களும் உள்ளன. கூட்டிச் செல்ல வாகனம் இல்லாத வீட்டுக்கு, வாகனமுள்ள அங்கத்தவர் உதவலாம்.

கோயில் திருவிழாக் காலங்களிலே தொண்டர் படையாக நின்று தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும் நடத்துகின்றோம். பச்சைப்பிள்ளையோடு வரும் தாய் பாலூட்ட இடமின்றி, பூசை முடியுமுன்னரே வீடு திரும்புவதையும் கண்டிருக்கின்றோம். இவ்வருடத் திருவிழாவிலே மடத்தின் ஒரு மூலையை மறைத்து, நான்கு கதிரையும் ஒரு குடம் தண்ணீரும் வைத்து, பாலூட்டும் தாய்மாருக்கென ஒதுக்குமாறு நிருவாக சபையினரைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கின்றோம். இதற்கு நிதி திரட்ட வேண்டியதில்லை. மனம் இருந்தால் போதும்.

தாய்மார்களே, முதன்முறை பிள்ளை பெறவிருக்கும் சகோதரிகளே, முதற்சில வாரங்கள் கடினமானவை என்பதை மறைக்க மாட்டோம். நித்திரை குறையும், நோவு இருக்கும், நாலுபேர் நாலுவிதமாகச் சொல்வார்கள். அவை வாரம் செல்லச் செல்லக் குறையும். உங்கள் மார்பிலே ஊற்று இருக்கின்றது. பிள்ளைக்கு இறைக்கத் தெரியும். ஊற்று வற்றாமற் பார்க்கவேண்டிய பொறுப்பு உங்களுடையது மாத்திரமன்று. சுற்றி நிற்கும் எம் அனைவருக்கும் உரியது.